தடிமன், பிடிப்பு, மூட்டு நோ: திருகோணமலை வீட்டுக் கைமருந்து பற்றி அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

ஐப்பசியில் வாடைக் காற்று திரும்பியதும் எங்கள் பக்கத்தில் வீட்டுக்கு வீடு கொத்தமல்லி வறுபடும் வாசம் எழும். கச்சான் அடிக்கும் மாதங்களில் அதே அடுப்புகளில் நாரிப்பிடிப்புக்கு எண்ணெய் காயும். சாம்பல்தீவில் அம்மம்மாவுக்கு மருந்து இடித்துக் கொடுத்து வளர்ந்தவள் நான். பிறகு முப்பது வருடம் தாதியாக வேலை செய்தேன். இரண்டு பக்கமும் நின்று பார்த்தவள் என்பதால் அக்கம்பக்கத்தார் வந்து கேட்பார்கள். கைமருந்தால் கெட்டவர்களை நான் அதிகம் காணவில்லை. கைமருந்தை எந்த இடத்தில் நிறுத்த வேண்டும் என்று தெரியாமல் கெட்டவர்களை நிறையக் கண்டிருக்கிறேன். கீழே உள்ள பதில்கள் எல்லாம் அதை மனதில் வைத்து எழுதியவை.

தடிமன் தொடங்குகிற மாதிரி இருக்கிறது. முதலில் என்ன அவித்துக் குடிக்கலாம்?

கொத்தமல்லிதான். ஒருவருக்கு இரண்டு மேசைக்கரண்டி முழுமல்லியை வெறும் சட்டியில் இளஞ்சூட்டில் வாசம் வரும்வரை வறுங்கள். கறுக்க விட்டால் கைப்பு ஏறிவிடும். பெருவிரல் நுனியளவு வேர்க்கொம்பைத் தட்டிப் போட்டு, நாலைந்து மிளகும் சேர்த்து, இரண்டு கோப்பை தண்ணீர் ஒரு கோப்பையாக வற்றும்வரை கொதிக்க விடுங்கள். வடித்து, வாய் பொறுக்கும் சூட்டில், பனங்கட்டியைக் கடித்துக்கொண்டு குடிப்பது எங்கள் வழக்கம். காலையும் இரவும் ஒவ்வொரு கோப்பை, மூன்று நாளைக்குப் போதும்.

இது தடிமனை அறுத்துவிடுமா என்றால், இல்லை. தடிமனைத் தரும் வைரசுகள் 200க்கு மேல் இருக்கின்றன. அவற்றைக் கொல்லும் குடிநீர் எதுவும் கிடையாது. அன்ரிபயோட்டிக்கும் கொல்லாது, அது பக்டீரியாவுக்கான மருந்து. அதனால் 'டொக்டர் அன்ரிபயோட்டிக் எழுதித் தரவில்லை' என்று கோபித்துக்கொண்டு வேறு கிளினிக்குக்கு ஓடாதீர்கள். சூடான குடிநீர் தொண்டை வறட்சியைத் தணிக்கிறது, சளியை இளக்குகிறது, உடம்பில் நீர் வற்றாமல் காக்கிறது. வேர்க்கொம்பும் மிளகும் அடைத்த மூக்கைக் கொஞ்ச நேரத்துக்குத் திறந்து விடுகின்றன. தடிமன் ஏழு முதல் பத்து நாளில் தானாக விலகும். இருமல் மட்டும் இரண்டு மூன்று கிழமை இழுத்துக்கொண்டு நிற்கலாம். அந்த நாட்களில் நோயாளி நித்திரை கொள்ளவும் நாலு வாய் சோறு சாப்பிடவும் முடிந்தாலே குடிநீர் தன் வேலையைச் செய்துவிட்டது என்பேன்.

சோற்றுக்கு உள்ளி, மிளகு, நற்சீரகம் தட்டிப் போட்ட ரசம் வையுங்கள். தொண்டை நோவுக்கு இளஞ்சூட்டு உப்புத் தண்ணீரில் கொப்பளியுங்கள்.

கடையில் விற்கும் பக்கற் குடிநீர் நல்லதா?

சிங்களத்தில் 'பஸ்பங்குவ' என்று விற்பது ஐந்து சரக்குச் சேர்ந்தது: கொத்தமல்லி, வேர்க்கொம்பு அல்லது இஞ்சி, மரமஞ்சள், கண்டங்கத்தரி, பற்பாடகம். எங்கள் பரியாரிமாரும் ஆண்ட சரக்குகள்தான். பூஞ்சணம் பிடிக்காத, திகதி முடியாத பக்கற்றாக இருந்தால் தாராளமாக அவியுங்கள். சுடுதண்ணீரில் கரைத்துக் குடிக்கும் தூள்கள் பலவற்றில் சீனி இருக்கிறது. நீரிழிவுக்காரர் உறையைத் திருப்பிப் பார்த்து வாங்க வேண்டும்.

நெஞ்சுச் சளிக்கும் இருமலுக்கும் எது நல்லது?

ஆடாதோடையை முதலில் சொல்வேன். வேலியோரத்தில் நிற்கிற இந்தச் செடியின் இலையில் வாசிசின் என்ற சத்து இருக்கிறது. அதை வைத்துத்தான் சளி இளக்கும் புரோம்ஹெக்சின் என்ற ஆங்கில மருந்தையே உருவாக்கினார்கள். இரண்டு முற்றிய இலையைக் கிள்ளிப் போட்டு, இரண்டு கோப்பை தண்ணீரை ஒன்றாக வற்றவைத்து, தேன் கலந்து குடிக்கலாம். கைப்பு கடுமையாக இருக்கும். கர்ப்பிணிகள் இதைத் தொடவே கூடாது, கருப்பையைச் சுருங்கச் செய்யும் தன்மை இதற்கு உண்டு.

கற்பூரவள்ளி இலையை வாட்டிச் சாறு பிழிந்து தேனில் குழைத்துக் கொடுப்பது இதைவிட மென்மையானது. தூதுவளையைத் துவையலாக அரைக்கலாம். முள்ளைக் கவனமாக எடுங்கள். இரவு இருமலுக்கு வெறும் தேன் ஒரு தேக்கரண்டி போதும். இருமலுக்குத் தேன் உதவுகிறது என்பதற்கு ஓரளவு நல்ல ஆய்வுச் சான்றும் இருக்கிறது.

மூச்சு இழுத்தல், நெஞ்சு நோ, சளியில் இரத்தம், மூன்று கிழமை தாண்டிய இருமல், மாலைக் காய்ச்சலோடு மெலிந்துகொண்டு போதல் இவற்றில் எது இருந்தாலும் இலை பறிக்கப் போகாமல் ஆஸ்பத்திரிக்குப் போங்கள். கடைசியாகச் சொன்னது காசநோயாக இருக்கலாம். அதற்கு அரசாங்கத்தில் இலவச மருந்து இருக்கிறது, முழுதாகக் குணமாகும்.

வேது பிடிக்கலாமா?

பெரியவர்கள் ஆவி பிடிக்கலாம். நொச்சி இலை ஒரு பிடி, மஞ்சள் ஒரு சிட்டிகை போதும். பானையை மடியிலோ கட்டிலிலோ வைக்காமல், அடுப்பிலிருந்து இறக்கி, தரையில் அசையாத இடத்தில் வைத்துப் பிடியுங்கள். மூக்கு திறந்த மாதிரி இருக்கும், ஆனால் நோய் விரைவாகத் தீருவதாக ஆய்வுகள் உறுதியாகக் காட்டவில்லை.

பிள்ளைகளுக்கு வேண்டாம். வேதுப்பானை சரிந்து தொடையும் வயிறும் வெந்து வந்த பிள்ளைகளை வார்ட்டில் தூக்கிப் படுக்க வைத்தவள் நான். தடிமனுக்கு வைத்த தண்ணீர் அது. அந்தத் தாய்மாரின் முகம் இன்னும் கண்ணுக்குள் நிற்கிறது.

கைக்குழந்தைக்குத் தடிமன். எதைக் கொடுக்கலாம்?

ஆறு மாதத்துக்குக் கீழே தாய்ப்பால் தவிர வேறொன்றும் வேண்டாம். மூக்கடைப்புக்கு உப்புநீர்த் துளி பாமசியில் கிடைக்கும். ஒரு வயதுக்குள் தேனை நாக்கில் தடவுவதுகூடக் கூடாது. தேனில் இருக்கக்கூடிய ஒரு கிருமி பச்சைக் குழந்தையின் குடலில் வளர்ந்து உடம்பையே தளரச் செய்துவிடும்.

கற்பூரம் கலந்த எண்ணெயையும் பாமையும் இரண்டு வயதுக்குள் பூசாதீர்கள். கற்பூரமோ யூக்கலிப்டஸ் எண்ணெயோ சிறிதளவு வயிற்றுக்குள் போனாலே வலிப்பை உண்டாக்கும். சாமிப்படத்துக்கு முன்னால் வைத்திருக்கும் கற்பூரப் பெட்டியும் பிள்ளை எட்டாத உயரத்தில் இருக்கட்டும்.

குழந்தை வேகமாக மூச்சு விட்டால், விலா உள்ளே குழிந்தால், பால் குடிக்க மறுத்தால் 1990க்கு அழையுங்கள். அம்புலன்ஸ் இலவசம்.

காய்ச்சலும் உடம்பெல்லாம் அடித்துப் போட்ட மாதிரி நோவும். எண்ணெய் பூசிப் படுக்கலாமா?

இந்தப் பக்கத்தில் வேறு எதையும் வாசிக்காவிட்டாலும் இதை வாசியுங்கள். வெறும் தடிமனில் உடம்பு நோ இலேசாகத்தான் இருக்கும். கடும் காய்ச்சலோடு தசையும் மூட்டும் நொந்தால், எங்கள் மாவட்டத்தில் மூன்று நோய்களை நினைக்க வேண்டும்.

முதலாவது டெங்கு. 2017இல் கிண்ணியா பட்ட பாட்டை இங்கே யாரும் மறந்திருக்க மாட்டார்கள். அந்த வருடம் நாடு முழுவதும் 1,80,000க்கு மேற்பட்டவர்களுக்கு டெங்கு என்று பதிவானது. கண்ணுக்குப் பின்னால் நோ, எலும்பு முறிகிற மாதிரி உளைவு, சாப்பாட்டில் வெறுப்பு எல்லாம் இருக்கும். காய்ச்சல் தொடங்கி மூன்றாம் நாள் இரத்தப் பரிசோதனை செய்யுங்கள். நோவுக்குப் பரசிற்றமோல் மட்டும்தான் எடுக்கலாம். பெரியவருக்கு 500 மில்லிகிராம் குளிசை இரண்டு, ஆறு மணித்தியாலத்துக்கு ஒருமுறை. ஒரு நாளில் எட்டுக் குளிசைக்கு மேல் போகக்கூடாது. அஸ்பிரின், இபுபுரூபன், டைக்குளோபெனக் மூன்றும் இரத்தப்போக்கைக் கூட்டும். காய்ச்சல் இறங்குகிற நேரம்தான் ஆபத்தான நேரம். 'காய்ச்சல் விட்டுவிட்டது, சுகம்' என்று நினைக்கும்போதே வயிற்று நோ, ஓயாத சத்தி, முரசிலோ மூக்கிலோ இரத்தம், கை கால் குளிர்தல் வந்தால் ஒரு நிமிடமும் தாமதிக்காதீர்கள்.

பப்பாளி இலைச்சாறு பற்றிக் கேட்காதவர்கள் இல்லை. இரத்தத் தட்டுகள் கொஞ்சம் ஏறியதாகச் சில ஆய்வுகள் சொல்கின்றன. ஆனால் டெங்குவில் உயிரை எடுப்பது இரத்தக் குழாயிலிருந்து நீர் கசிவது. சாறு அந்தக் கசிவை நிறுத்தாது. சாற்றை நம்பி வீட்டில் இருந்து நாள் கடத்துவதால்தான் ஆபத்து.

இரண்டாவது எலிக்காய்ச்சல். தம்பலகாமம், மூதூர் வயல்களில் சேற்றில் இறங்குகிறவர்களுக்கு இது வரும். எலியின் சிறுநீர் கலந்த தண்ணீர், காலில் உள்ள சிறு வெட்டுக்காயம் வழியாக உள்ளே போகிறது. கெண்டைக்கால் தசை தொட முடியாமல் நோகும், கண் சிவக்கும், சிறுநீர் குறையும். 'வயலில் நின்ற அலுப்பு' என்று கெண்டைக்காலுக்கு எண்ணெய் உருவிக்கொண்டு இருந்தால் சிறுநீரகம் போய்விடும். இதற்கு அன்ரிபயோட்டிக் வேலை செய்யும், ஆனால் நேரத்தோடு தொடங்க வேண்டும். விதைப்புக்கும் வெட்டுக்கும் போகும் முன்பே சுகாதார வைத்திய அதிகாரி அலுவலகத்தில் அல்லது பொதுச் சுகாதாரப் பரிசோதகரிடம் கேட்டால் வாரம் ஒருமுறை போடும் தடுப்புக் குளிசை தருவார்கள்.

மூன்றாவது சிக்குன்குனியா. 2006 இறுதியில் வடக்கு கிழக்கில் பரவியபோது நிமிர முடியாமல் கூனிக்கொண்டு திரிந்தவர்களை நாங்கள் கண்டோம். காய்ச்சல் போன பிறகும் மூட்டு நோ மாதக்கணக்கில் நிற்கும். டெங்கு இல்லை என்று உறுதியான பின், இளஞ்சூட்டு எண்ணெயும் நொச்சித் தண்ணீர்க் குளிப்பும் மெல்லிய அசைவும் இதற்கு நல்ல துணை.

கரைவலை இழுத்துத் தோள் பிடித்துக்கொண்டது, நாரியும் நோகுது. என்ன செய்யலாம்?

வேலை செய்து வந்த தசைப்பிடிப்புக்குச் சூடுதான் மருந்து. அதிலும் உப்பு ஒத்தடத்துக்கு நிகர் கிடையாது. நிலாவெளிக் கல்லுப்பு ஒரு சிரட்டை எடுத்து வெறும் சட்டியில் படபடவென்று வெடிக்கும்வரை வறுத்து, தடித்த பருத்திச் சீலையில் பொட்டலமாகக் கட்டுங்கள். உங்கள் மணிக்கட்டின் உட்பக்கத்தில் வைத்துச் சூடு பார்த்த பிறகே மற்றவருக்கு வையுங்கள். பத்துப் பதினைந்து நிமிடம், நாளுக்கு இரண்டு முறை. நொச்சி இலையோ ஆமணக்கு இலையோ வாட்டி உப்போடு சேர்த்துக் கட்டினால் ஈரச்சூடு இறங்கும், வாசமும் ஆளை ஆற்றும். உப்பு நெடுநேரம் சூட்டைத் தாங்கி நிற்கும். தசை அந்தச் சூட்டில் இளகுகிறது, இரத்த ஓட்டம் கூடுகிறது.

எண்ணெய்க்கு அம்மம்மாவின் அளவு இது: கால் போத்தல் நல்லெண்ணெய், தட்டிய உள்ளி ஆறு பல்லு, ஓமம் ஒரு தேக்கரண்டி. சிறு நெருப்பில் உள்ளி பொன்னிறமாகும்வரை காய்ச்சி, இறக்கி, கை பொறுக்கும் அளவுக்கு ஆறிய பிறகு இரண்டு சிறு துண்டு கற்பூரத்தைப் பொடித்துக் கரையுங்கள். அடுப்பில் இருக்கும்போது கற்பூரம் போட்டால் தீப்பிடிக்கும். பூச மட்டும்தான், போத்தலில் அப்படியே எழுதி ஒட்டி வையுங்கள். இலுப்பெண்ணெய் கிடைத்தால் அதுவும் நல்லது. உருவும்போது நோகிற இடத்தைப் பிசையாமல், மேலிருந்து கீழாக நீளமாகத் தடவுங்கள்.

நாரிப்பிடிப்பு என்று நாட்கணக்கில் படுத்துக் கிடக்காதீர்கள். நடமாடினால்தான் விரைவில் விடும். பாரம் தூக்குவதை மட்டும் நிறுத்துங்கள். நாரி நோ காலுக்கு இறங்கி, கால் மரத்துப் பலம் குறைந்தால், அல்லது சலம் மலம் கட்டுப்பாடு இல்லாமல் போனால் அன்றைக்கே ஆஸ்பத்திரி.

இன்னொன்றும் உண்டு. ஒரு கெண்டைக்கால் மட்டும் வீங்கி, சூடாக, இறுகி இருந்தால் உருவவே வேண்டாம். நெடுநாள் படுக்கையில் இருந்தவர், அண்மையில் ஒப்பரேஷன் செய்தவர், பிள்ளை பெற்றவர் இவர்களுக்கு அது இரத்தக் கட்டியாக இருக்கலாம். உருவினால் கட்டி நகர்ந்து நுரையீரலை அடைக்கும்.

சுளுக்குக்குச் சூடா, குளிரா?

புதிதாகச் சுளுக்கி வீங்கியிருந்தால் முதல் இரண்டு நாளும் குளிர். சீலையில் சுற்றிய ஐஸ் பதினைந்து நிமிடம் வையுங்கள், காலை உயர்த்தி வையுங்கள். வீக்கம் வற்றிய பிறகு சூடு. காலை ஊன்றி நாலடி வைக்க முடியாவிட்டால் எக்ஸ்ரே எடுக்காமல் யாரிடமும் காலைக் கொடுத்து இழுத்து முறிக்க விடாதீர்கள். நீரிழிவால் பாதம் மரத்தவர்களுக்குச் சூட்டு ஒத்தடம் வேண்டாம். வெந்தாலும் தெரியாது, புண்ணாகிப் போகும்.

கன்னியா வெந்நீரில் குளித்தால் மூட்டு நோ போகுமா?

நகரத்திலிருந்து ஏறத்தாழ 8 கிலோமீற்றர். ஏழு கிணறு, ஒவ்வொன்றிலும் ஒவ்வொரு சூடு. இராவணன் தாய்க்குக் கடன் கழிக்க வாளால் குத்திய இடங்கள் என்று எங்கள் ஐதீகம். ஆழமில்லாத கிணறுகள், இறங்க முடியாது, வாளியால் அள்ளித்தான் ஊற்ற வேண்டும்.

நோ குறையும், அது உண்மை. சூடு தசையை இளக்கும், விறைத்த மூட்டு அசையும். கிழவர்கள் பத்து வாளி ஊற்றிவிட்டு வந்ததைவிட நிமிர்ந்து திரும்புவதைப் பார்த்திருக்கிறேன். ஆனால் அந்தச் சுகம் சில மணித்தியாலங்களுக்குத்தான். தேய்ந்த மூட்டை அது திருப்பித் தராது. மாதத்துக்கு ஒருமுறை கன்னியாவும், மற்ற நாட்களில் வீட்டில் ஒரு வாளி சுடுதண்ணீரும் என்று வைத்துக்கொள்ளுங்கள். இருதய நோய், கட்டுப்படாத பிரஷர், திறந்த புண், காய்ச்சல் உள்ளவர்கள் தவிர்க்க வேண்டும். தலைசுற்றினால் உடனே நிறுத்தி நிழலில் இருங்கள்.

அறுபது வயது. படி இறங்கும்போது முழங்கால் நோகுது. முடக்கொத்தான் உதவுமா?

முடக்கை அறுக்கும் என்ற பெயரே மூலிகையின் மேல் ஒரு நம்பிக்கையை வைத்துவிட்டது. நானும் கிழமைக்கு இரண்டு நாள் முடக்கொத்தான் இலைக்கஞ்சி வைக்கிறேன். சிவப்புப் பச்சையரிசியில் காய்ச்சி, இறக்கும் முன் அரைத்த இலையும் தேங்காய்ப்பாலும் விட்டால் நல்ல காலைச் சாப்பாடு. வயிற்றை இளக்கும், அதனால் ஒரு பிடி இலைக்கு மேல் வேண்டாம். முழங்கால் தேய்வை அது மாற்றும் என்று மனிதரில் செய்த உறுதியான ஆய்வு இல்லை. சாப்பாடாக நினைத்துச் சாப்பிடுங்கள்.

மஞ்சளுக்கும் இஞ்சிக்கும் கொஞ்சம் கூடுதல் ஆதாரம் இருக்கிறது. மஞ்சளின் குர்குமின் முழங்கால் நோவை ஓரளவு குறைப்பதாகச் சிறிய ஆய்வுகள் பல காட்டியிருக்கின்றன. ஆனால் அவற்றில் கொடுத்தது செறிவூட்டிய குர்குமின், கறியில் போடும் அரைக் கரண்டியில் அவ்வளவு இல்லை. மிளகோடு சேரும்போது உடம்பு அதைக் கூடுதலாக உறிஞ்சும் என்பதால் மஞ்சளும் மிளகும் போட்ட எங்கள் ரசத்தை நான் இன்னும் விரும்பிக் குடிக்கிறேன். மஞ்சள் கப்சூல்களை வாங்கி அளவில்லாமல் விழுங்க வேண்டாம், ஈரல் பாதிப்புக்கள் பதிவாகியிருக்கின்றன.

வாட்டிய எருக்கிலையை முழங்காலில் வைத்துக் கட்டுவது பழைய முறை. எருக்கம்பால் கண்ணில் பட்டால் கருவிழி பாதிக்கும். இலை பறித்த கையைச் சவர்க்காரம் போட்டுக் கழுவிவிட்டு மற்ற வேலையைப் பாருங்கள்.

இனி, எந்த இலையையும்விட முழங்காலுக்கு உதவுவது தொடைத் தசையைப் பலப்படுத்துவது. கதிரையில் இருந்து ஒரு காலை நேராக நீட்டி, பத்து எண்ணும்வரை பிடித்து, மெல்ல இறக்குங்கள். ஒவ்வொரு காலுக்கும் பத்து முறை, காலையும் மாலையும். ஆறு கிழமை விடாமல் செய்து பாருங்கள். உடம்பு நிறை கூடியவர் நாலைந்து கிலோ குறைத்தாலும் படியில் வித்தியாசம் தெரியும். உப்புவெளிக் கடற்கரை மணலில் நடக்காமல், இறுகிய ஈரமணலில் நடங்கள். புதையும் மணல் முழங்காலை இழுக்கும்.

காலையில் எழும்பும்போது விரல்கள் விறைத்து மடக்க முடியாமல் இருக்கிறது. எந்த எண்ணெய் நல்லது?

இந்தக் கேள்விக்கு அம்மாவின் கையை நினைக்காமல் என்னால் பதில் எழுத முடியாது. அவருக்கு நாற்பத்திரண்டு வயது, நான் பள்ளிக்கூடம் போய்க்கொண்டிருந்தேன். காலையில் தேங்காய்ப்பால் பிழிய முடியவில்லை. வெயில் ஏறினால் கொஞ்சம் இளகும். இரண்டு கையிலும் விரல் மூட்டுகள் ஒரே மாதிரி வீங்கியிருந்தன. வாதம் என்றார்கள். ஒரு வைத்தியரிடம் இரண்டு வருடம் எண்ணெய் வாங்கிப் பூசினோம். எண்ணெய் நல்ல எண்ணெய்தான், பூசிய இரவு அம்மா நித்திரை கொண்டார். ஆனால் அந்த இரண்டு வருடத்தில் 'காலையில் விறைப்பு எவ்வளவு நேரம் நிற்கிறது அம்மா?' என்று ஒருவரும் கேட்கவில்லை. பிறகு பெரிய ஆஸ்பத்திரியில் பார்த்தபோது விரல்கள் சுண்டுவிரல் பக்கமாகச் சாய்ந்துவிட்டன. கடைசிவரை அவர் சோற்றைக் கரண்டியால்தான் சாப்பிட்டார்.

அது முடக்குவாதம். உடம்பின் எதிர்ப்புச் சக்தியே மூட்டைத் தின்னும் நோய். தேய்வால் வரும் மூட்டு நோவில் காலை விறைப்பு பெரும்பாலும் அரை மணித்தியாலத்துக்குள் போய்விடும். முடக்குவாதத்தில் ஒரு மணித்தியாலத்துக்கு மேலும் நிற்கும். கையின் சிறு மூட்டுகளில், இரண்டு பக்கமும் வரும். களைப்பும் மெலிவும் சேரும். மெதோட்ரெக்சேற் போன்ற மருந்துகளை முதல் மாதங்களிலேயே தொடங்கினால் விரல் கோணாமல் காக்கலாம். கோணிய விரலை எந்த மருந்தும் நிமிர்த்தாது. ஆகவே ஆறு கிழமைக்கு மேல் இப்படி விறைப்பும் வீக்கமும் இருந்தால் முதலில் இரத்தப் பரிசோதனை, வாத நோய் நிபுணர். எண்ணெயை அதோடு சேர்த்துப் பூசுங்கள். ஒருவரும் தடுக்கப் போவதில்லை.

இரவில் திடீரென்று கால் பெருவிரல் சிவந்து வீங்கி, சீலை பட்டாலே துடிக்கிறது.

பெரும்பாலும் யூரிக் அமிலம் கூடியதால் வரும் கீல்வாதம். சூடு வைக்காதீர்கள், எண்ணெய் உருவாதீர்கள். குளிர் ஒத்தடமும் ஓய்வும். நிறையத் தண்ணீர் குடியுங்கள். நெத்தலி, சூடை, இறால், ஈரல், சாராயம், கள்ளு நிறுத்துங்கள். வைத்தியரிடம் காட்டுங்கள். காய்ச்சலும் சேர்ந்திருந்தால் மூட்டுக்குள் கிருமி இறங்கியிருக்கலாம், அன்றைக்கே காட்ட வேண்டும்.

ஒருவர் தந்த தூளை இரண்டு நாள் சாப்பிட்டதும் பத்து வருட நோ பறந்துவிட்டது. தொடரலாமா?

இவ்வளவு வேகமாக நோ போனால்தான் எனக்குப் பயம். மூலிகை அப்படி வேலை செய்வதில்லை. பெயர் இல்லாத தூள்களிலும் குளிசைகளிலும் டெக்சாமெதசோன், பிரெட்னிசொலோன் போன்ற ஸ்ரீரொயிட்டும் டைக்குளோபெனக்கும் கலந்திருந்தது பல நாடுகளில் பிடிபட்டிருக்கிறது. பசி கூடும், முகம் வட்டமாக உப்பும், சீனியும் பிரஷரும் ஏறும், எலும்பு பலமிழக்கும், சிறுநீரகம் கெடும். மாதக்கணக்கில் சாப்பிட்டவர் திடீரென்று நிறுத்துவதும் ஆபத்து. தூளைக் கையோடு எடுத்துக்கொண்டு ஆஸ்பத்திரிக்குப் போய் உள்ளதைச் சொல்லுங்கள்.

பற்பம், செந்தூரம் என்ற பெயரில் வரும் மருந்துகளில் பாதரசமோ ஈயமோ இருக்கலாம். தகுதியுள்ள சித்த வைத்தியர் அளந்து கொடுக்காமல் அவற்றை வாங்கிச் சாப்பிடக் கூடாது.

கைமருந்தில் சேர்க்கவே கூடாத செடிகள் எவை?

கார்த்திகைக் கிழங்கு. கொல்சிசின் என்ற நஞ்சு அதில் இருக்கிறது. அளந்து தூய்மையாக்கிய கொல்சிசின் கீல்வாதத்துக்கு மருந்து, ஆனால் கிழங்கைத் தின்றால் உயிர் போகும். மழைக்குப் பிறகு வேலியில் படரும் இதை மற்றக் கிழங்கென்று நினைத்துக் கிண்டியவர்கள் உண்டு.

காஞ்சிரை, அதாவது எட்டி. வாத எண்ணெய்களில் சேர்ப்பார்கள், வயிற்றுக்குள் போகக் கூடாது.

ஆடுதின்னாப்பாளையும் ஈசுரமூலியும். இவற்றில் உள்ள அரிஸ்டோலோகிக் அமிலம் சிறுநீரகத்தைச் சிதைக்கும், புற்றுநோயும் தரும். காய்ச்சல் குடிநீரில் இவை இருந்தால் எடுத்து எறியுங்கள். பதவியா பக்கமும் எங்கள் மேற்கு எல்லையிலும் சிறுநீரக நோயால் இவ்வளவு பேர் அவதிப்படும்போது இன்னொரு காரணத்தை நாங்களே அவித்துக் குடிக்க வேண்டாம்.

நான் ஏற்கெனவே குளிசை போடுகிறேன். கைமருந்து சேர்க்கலாமா?

இரத்தம் உறைவதைக் குறைக்கும் வோர்ஃபரின் அல்லது அஸ்பிரின் போடுகிறவர்கள் உள்ளி, இஞ்சி, மஞ்சளைக் கறியளவில் சாப்பிடலாம், மருந்தளவில் வேண்டாம். இரத்தம் உறைவது மேலும் குறைந்துவிடும். குளிர்ந்து எரியும் சில பாம்களில் உள்ள மெதில் சலிசிலேற்றும் வோர்ஃபரினோடு சண்டை போடும். அதிமதுரம் பிரஷரை ஏற்றும், பொட்டாசியத்தை இறக்கும். நிலவேம்பு சீனியையும் பிரஷரையும் இன்னும் இறக்கலாம், கர்ப்பிணிகளுக்கு ஆகாது. சிறுநீரக நோயாளிகள் எந்தக் குடிநீரையும் கேட்காமல் தொடங்கக் கூடாது. கிளினிக்கில் 'வேறு மருந்து எடுக்கிறீர்களா?' என்று கேட்டால் குடிநீரையும் சொல்லுங்கள். ஏசுவார்கள் என்று மறைப்பவர்கள்தான் அதிகம். ஏசினாலும் பரவாயில்லை.

சித்த வைத்தியரிடம் போவதானால் யாரை நம்பலாம்?

1961ஆம் ஆண்டின் 31ஆம் இலக்க ஆயுர்வேதச் சட்டத்தின் கீழ் ஆயுர்வேத, சித்த, யுனானி வைத்தியர்கள் பதிவு செய்யப்படுகிறார்கள். பதிவு இருக்கிறதா என்று கேட்பது மரியாதைக் குறைவு இல்லை. கிழக்குப் பல்கலைக்கழகத்தின் திருகோணமலை வளாகத்திலேயே சித்த மருத்துவம் பட்டமாகக் கற்பிக்கப்படுகிறது. எங்கள் ஊரிலேயே படித்து வெளியேறும் பிள்ளைகள் இருக்கிறார்கள். நாடி பிடித்துவிட்டு இரத்தப் பரிசோதனை அறிக்கையையும் வாங்கிப் பார்க்கிற வைத்தியரே எனக்குப் பிடித்தவர். 'ஆங்கில மருந்தை எல்லாம் நிறுத்து' என்று முதல் நாளே சொல்கிறவரிடம் இரண்டாம் முறை போக வேண்டாம்.

அவித்த குடிநீரையும் காய்ச்சிய எண்ணெயையும் எவ்வளவு நாள் வைத்திருக்கலாம்?

குடிநீர் அன்றைக்கே முடிய வேண்டும். காலையில் அவித்ததைப் பிளாஸ்க்கில் ஊற்றி இரவுக்கு வைக்கலாம், மறுநாளைக்குப் புதிதாக அவியுங்கள். எண்ணெய் ஈரமில்லாத கண்ணாடிப் போத்தலில், வெயில் படாமல், இரண்டு மூன்று மாதம் நிற்கும். உள்ளியை வடித்துவிட வேண்டும். சிக்குவாடை அடித்தால் ஊற்றிவிடுங்கள்.